வேலையை விடும் முன் ஒரு கதவைத் தட்டுங்கள்

(‘புற்றுநோயும் குடும்பப் பொருளாதாரமும்’ என்னும் தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் பாரு, தம்போய் வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே விளக்கெரியும் வீடுகள் நிறைய. காலை மணி 4.30க்கெல்லாம் மோட்டார் சைக்கிள் சத்தம் தொடங்கிவிடும். பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் சிங்கப்பூருக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம். அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்றை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அன்று. பல குடும்பங்களுக்குப் பொருந்தும் கதை.

கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். மனைவிக்கு வயது 46. பிள்ளைகள் வளர்ந்தபின் மூன்று ஆண்டுகளாகத் தம்போய் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வருகிறார். மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை என்பதால் சில மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கிளினிக், அங்கிருந்து பெரிய மருத்துவமனை, சதைப் பரிசோதனை. முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு அந்த அம்மா வாய் திறக்கிறார்: “என்னங்க, நாளைக்கே வேலைய விட்டுடறேன். நகைய அடகு வெச்சுடலாம்.” கணவர் சொல்கிறார்: “சரிம்மா. அண்ணன்கிட்டயும் கொஞ்சம் கேட்டுப் பாக்குறேன்.”

அன்பினால் எடுத்த முடிவுகள்தாம். ஆனால் இரண்டுமே அவசர முடிவுகள். நோய் என்னவென்று தெரிந்த முதல் வாரத்தில் எடுக்கும் இத்தகைய முடிவுகளே பின்னால் பல குடும்பங்களைச் சாய்த்துவிடுகின்றன.

கட்டணம் குறைவு, செலவு அதிகம்

அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணம் மிகக் குறைவாயிற்றே, அப்புறம் ஏன் குடும்பம் சாய வேண்டும் என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். நிபுணத்துவ கிளினிக்கில் 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. அந்த வகுப்பில் ஒரு முறை சேர்க்கப்பட்டால் மொத்தக் கட்டணத்திற்கு 500 வெள்ளி என்ற உச்சவரம்பும் உண்டு. உலகின் பல நாடுகளில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனாலும் தென்கிழக்காசியாவில் மலேசியா உட்பட 8 நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2015-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று ஓர் உண்மையை எடுத்துக் காட்டியது. நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்துவிட்டனர். 48 விழுக்காட்டினர் பொருளாதாரப் பேரிடரில் சிக்கினர். அதாவது, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ கைப்பணத்திலிருந்து செலவானது. உயிரோடும் பொருளாதாரப் பேரிடர் இன்றியும் தப்பியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. நால்வரில் ஒருவர்கூட இல்லை.

மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படாத செலவுகள் பல. ஜொகூரில் கதிரியக்கச் சிகிச்சை என்றால் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நடக்கும். தம்போயிலிருந்து போவோருக்கு அது பக்கம்தான். மெர்சிங்கிலிருந்தும் சிகாமாட்டிலிருந்தும் வருவோரை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல், சாப்பாடு, கூட வருபவரின் இழந்த சம்பளம், பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள ஆள், சத்துமாவு, மருத்துவமனைப் பட்டியலில் இல்லாத மருந்து. இவற்றுக்கு உச்சவரம்பு கிடையாது. நோயாளியின் சம்பளமும் நின்றுவிட்டால் வரவு பாதி, செலவு இரட்டிப்பு என்ற நிலை வந்துவிடுகிறது.

அந்தக் கதவு எங்கே இருக்கிறது?

உதவி இல்லாமல் இல்லை. ஒன்று சுகாதார அமைச்சிடம் இருக்கிறது. ஒன்று சொக்சோவிடம். இன்னொன்று சமூகநல இலாகாவிடம். மற்றொன்று தொண்டு நிறுவனத்திடம். உதவிகள் இப்படிச் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல். கீமோ எடுத்துக்கொண்டு தலை சுற்றும் ஒருவரால் இத்தனை முகப்புகளுக்கும் அலைய முடியுமா?

இதற்காகவே பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் ஒரு பகுதி இயங்குகிறது. மலாயில் ‘ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ என்பார்கள். மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு. பல நோயாளிகள் அந்த அறையைத் தாண்டித்தான் மருந்து வாங்கப் போகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மருத்துவரிடமோ மிஸ்ஸியிடமோ, “சமூகப்பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும், எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டாலே போதும்.

அங்குள்ள அதிகாரி குடும்ப நிலவரத்தை விசாரிப்பார். தேவைப்பட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பார். கட்டணம் செலுத்த இயலாதவருக்குக் கட்டணக் குறைப்போ விலக்கோ கிடைக்கப் பரிந்துரை செய்வார். எந்த நிதிக்கு யார் தகுதி பெறுவார் என்பதும் அவருக்குத் தெரியும். விண்ணப்பத்தோடு மருத்துவ அறிக்கையை இணைத்து அனுப்புவதும் அவர் வழியாக நடக்கும். அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, தண்ணீர் மின்சார பில், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் சென்றால் பாதி வேலை முடிந்தது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழ வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

வேலையை ஏன் விடக்கூடாது?

தம்போய் அம்மாவின் முதல் முடிவுக்கு வருவோம். அவர் மறுநாளே ராஜினாமா கடிதம் கொடுத்தால் எதையெல்லாம் இழப்பார்?

முதலாவது, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு. வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்கு மேல் ஐந்து ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 18 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை வந்தால் 60 நாள் வரை விடுப்பு உண்டு. முன்பு இந்த இரண்டும் ஒரே கணக்கில் அடங்கின. 2023 ஜனவரி 1 முதல் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்புறுதி இருந்தால் ராஜினாமாவோடு அதுவும் போய்விடும்.

இரண்டாவது, சொக்சோ. சொக்சோ என்றால் தொழிற்சாலையில் கை நசுங்கினால் கிடைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதில் ‘பென்சென் ஈலாட்’ என்ற இயலாமை ஓய்வூதியமும் இருக்கிறது. நோய் எதனால் வந்தது என்பது அங்கே கேள்வி அன்று. 60 வயதுக்குட்பட்ட சந்தாதாரர் ஒருவர், குணமாக வாய்ப்பில்லாத நிலையில், சாதாரணமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க இயலாதவர் என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், அவருடைய சராசரி மாதச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை ஓய்வூதியம் கிடைக்கும். தகுதியுள்ள சந்தாதாரர் இறந்துவிட்டால், அந்த மரணத்திற்கும் வேலைக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு வாரிசு ஓய்வூதியம் உண்டு. புற்றுநோயில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள் இதை அறியாமலே இருந்துவிடுவது வேதனை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும் மாதத்திற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். இடைவிடாமல் வேலை செய்தவர் வேலையை விட்டால், இந்தக் கணக்குப்படி அவருக்கு 16 மாதம்தான் அவகாசம். அதன்பின் அந்த வழி அடைபட்டுவிடும். முதல் சந்தா கட்டிய காலத்திலிருந்து பார்க்கும் வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் சந்தா இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்த விகிதத்தையும் குறைத்துக்கொண்டே போகும். நீண்ட காலம் உழைத்தவர் தப்பலாம். தம்போய் அம்மாவைப் போல் மூன்று ஆண்டு மட்டும் சந்தா கட்டியவர் தாமதித்தால் அகப்பட்டுக் கொள்வார்.

புற்றுநோய் என்றதுமே ஓய்வூதியம் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை முடிந்து மீண்டும் வேலைக்குப் போகிறவர்கள் பலர். அப்படித் திரும்ப விரும்புவோருக்குக் கைகொடுக்க 2007 முதல் சொக்சோவில் ‘மீண்டும் வேலைக்கு’ என்ற திட்டம் நடக்கிறது. எனவே வேலையை விடுவதா வேண்டாமா என்பதைச் சிகிச்சைத் திட்டம் தெரிந்த பிறகு, மருத்துவரிடமும் சொக்சோவிடமும் விசாரித்துவிட்டு முடிவு செய்வதே நல்லது. சொக்சோவின் தொலைபேசி எண் 1-300-22-8000.

நகை அடகுக் கடைக்குப் போகும் முன்

இரண்டாவது முடிவு நகை. அதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகள் இருக்கின்றன.

2019-இல் தொடங்கப்பட்ட ‘பெக்கா பி40’ திட்டம் ஒன்று. அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் பி40 குடும்பத்தில் 40 வயதை எட்டியவருக்கும் அவருடைய துணைவருக்கும் உரியது. அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு மொத்தம் 1,000 வெள்ளி ஊக்கத்தொகை: சிகிச்சை தொடங்கியபின் 300, முடித்தபின் 700. தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் “பெட்ரோலுக்குக் காசில்லை, இந்த வாரம் போகவில்லை” என்று சிகிச்சையைப் பாதியில் விடுபவரைப் பிடித்து நிறுத்த அது போதும்.

மருத்துவமனையில் கிடைக்காத விலையுயர்ந்த மருந்தோ கருவியோ தேவைப்பட்டால், 2005-இல் அமைக்கப்பட்ட ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ என்ற மருத்துவ உதவி நிதி இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கப்படும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்தை உலகச் சுகாதார நிறுவனமே 2015-இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தியாவசியம் என்று சொன்னாலும் விலை எளியவருக்கு எட்டுவதாக இல்லை. இத்தகைய மருந்தை மருத்துவர் எழுதினால், “இதற்கு நிதியுதவி விண்ணப்பம் உண்டா? இதே பலன் தரும் விலை குறைந்த மருந்து உண்டா?” என்று அங்கேயே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோயாளி படுத்த படுக்கையாகி, வீட்டில் ஒருவர் முழுநேரமும் பார்த்துக் கொள்ள நேர்ந்தால், சமூகநல இலாகா பராமரிப்பாளருக்கு உதவித்தொகை வழங்குகிறது. 2021-இல் இது மாதம் 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். விவரம் அறிய ‘தாலியான் காசே’ 15999 எண்ணை அழைக்கலாம். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியம் பெறுவோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பொதுச்சேவைத் துறை வழியாகத் தனி மருத்துவச் சலுகைகள் உண்டு. முஸ்லிம் நோயாளிகள் மாநில ஜகாத் நிதியை நாடலாம்.

ஊழியர் சேமநிதியும் இருக்கிறது. புற்றுநோய் உள்ளிட்ட கடும் நோய்களுக்கு அதிலிருந்து பணம் எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின், மருத்துவச் செலவுக்கான பணம் ‘செஜாதெரா’ கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. தமக்கு மட்டுமின்றி கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறப்புகளுக்காகவும் எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்காகச் சேர்த்த பணம். முதலில் திருப்பித் தர வேண்டாத உதவிகளைக் கேளுங்கள். அதற்கடுத்துச் சேமநிதி. நகையும் கடனும் கடைசி. வட்டி முதலைகளிடம் போவது என்பது வழியே அன்று. நோய் குணமானாலும் அந்தக் கடன் குணமாகாது.

பாலத்தைத் தாண்டி உழைப்போர்

தம்போய் வட்டாரத்துக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு. மனைவிக்காவது சொக்சோ இருக்கிறது. தினமும் சிங்கப்பூர் போய்வரும் கணவருக்கு நோய் வந்தால்?

சிங்கப்பூர் முதலாளி இங்கே சொக்சோ சந்தாவோ ஊழியர் சேமநிதியோ கட்டுவதில்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. வேலை போனால் அந்தக் காப்புறுதியும் போய்விடும்.

இங்கே சம்பாதிப்பவரைவிட மூன்று மடங்கு சம்பாதித்தவர், நோய் வந்தபின் எந்த ஓய்வூதியமும் இல்லாமல் நிற்பது இதனால்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே சேமநிதியில் சொந்தமாகப் பணம் போடுவதும், தமக்கென ஒரு மருத்துவக் காப்புறுதி எடுப்பதும் இவர்களுக்கு ஆடம்பரம் ஆகாது. வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பரில் சொக்சோ ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 55 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். அதிலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதத்துக்கு 10 வெள்ளிதான் ஆகிறது.

பணம் மட்டும் போதாது

நோயாளிக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். 1966-இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1-800-88-1000 என்ற இலவச எண்ணில் ஆலோசனை தருகிறது. 1994-இல் அமைக்கப்பட்ட மாக்னா எனப்படும் தேசியப் புற்றுநோய் மன்றம் வசதி குறைந்த நோயாளிகளுக்கு நிதியுதவி வழங்குகிறது. 1986-இல் தொடங்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்தில், அதே நோயைக் கடந்து வந்த பெண்களே புதிய நோயாளிகளுக்குத் தைரியம் சொல்கிறார்கள். “எனக்கும் முடி கொட்டுச்சு அக்கா, மறுபடி வளர்ந்திடுச்சு பாருங்க” என்று ஒருத்தி வந்து சொல்வதற்கு ஈடான மருந்து ஏது?

நோய் முற்றிய நிலையில் வலியைத் தணித்து வீட்டிலேயே கவனித்துக் கொள்ள, ஜொகூர் பாருவில் வலிநிவாரணப் பராமரிப்புச் சங்கம் ஒன்று தாதியரை வீட்டுக்கே அனுப்புகிறது. அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. இந்தச் சேவையைக் கேட்பது நோயாளியைக் கைவிடுவது ஆகாது. வலியில்லாமல் உறங்கும் ஓர் இரவு அவருக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு பெரியது என்பது பார்த்துக் கொண்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இத்தனைக்கும் குறுக்கே நிற்பது ஒன்று உண்டு. வெட்கம். “பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரம்.” “அரசாங்கத்திடம் கையேந்துவதா?” சொக்சோ பணம் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம். மருத்துவமனை வரிப்பணத்தில் நடப்பது. இதில் கையேந்துதல் எங்கே வந்தது?

மலேசியாவில் 2012 முதல் 2016 வரை பதிவான 115,238 புற்றுநோய்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டன. பயமும் வெட்கமும் பணக் கவலையும் சேர்ந்து பலரைக் கிளினிக் வாசலுக்குப் போக விடாமல் செய்கின்றன. 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்குச் சொக்சோ 2013-இல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரேயும் அடங்கும். தொடக்கத்திலேயே கண்டால் உயிரும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.

மறுபடியும் அந்தத் தம்போய் வீட்டுக்கே போவோம். கார் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அந்தக் கணவர், “வேலைய இப்ப விட வேண்டாம்மா. நகையும் இருக்கட்டும். நாளைக்கு நான் ஒருநாள் லீவு போட்டு அந்தச் சமூகப்பணி அறைக்குப் போய்ட்டு வரேன். உன் தங்கச்சி மலாய் நல்லா பேசுவா, அவளும் கூட வரட்டும்” என்று சொல்லட்டும். கோப்பைத் தூக்கிக் கொண்டு அலையும் வேலையை உறவில் ஒருவர் ஏற்றுக் கொள்ளட்டும். நோயாளிக்கு நோயோடு போராடும் வேலை ஒன்றே போதும்.

உறவினர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டால் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவது வழக்கம். அடுத்த முறை பழத்தோடு ஒரு கேள்வியையும் கொண்டு போங்கள்: “சமூகப்பணி அதிகாரியைப் பார்த்தாச்சா?”